பஞ்சர் கடை இல்லாத ஊர்



மே மாதம் பிறந்துவிட்டால் நம் இதழின் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். குற்றாலமும் கொடைக்கானலும் ஒதுங்கிக்கொள்ள, லடாக் வந்து உட்கார்ந்துகொள்ளும். மணாலி வழியாகப் போகலாமா, ஸ்ரீநகர் வழியாகப் போகலாமா? எந்த வாரம் பனி விலகும்? டயாமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டுமா? கம்பளி இங்கேயே வாங்குவதா, அங்கே போய் வாங்குவதா? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் டயரைப் பற்றி மட்டும் யாரும் கேட்டு எழுதுவதில்லை.

கேட்காததற்கு நியாயமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வண்டி ஓட்டிப் பழகியவருக்கு பஞ்சர் ஒரு பொருட்டே இல்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் காற்று இறங்கினாலும், பழைய டயர் ஒன்றைக் கம்பத்தில் மாட்டி வெள்ளைப் பெயின்ட்டில் ‘பஞ்சர்’ என்று எழுதிய கடை சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும். அங்கே ஓர் அண்ணன் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்ப்பார். நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். இத்தனைக்கும் நாம் டயர் செய்கிற ஊர்க்காரர்கள். எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியது நம் திருவொற்றியூரில்தான். இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று சென்னையைச் சுற்றி டயர் ஆலைகள். டயரைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

அந்த அண்ணன் இல்லாத ஊர்களுக்கு எப்படித் தயாராவது என்பதைத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தில் பேசப்போகிறேன்.

மணாலியிலிருந்து அடல் சுரங்கத்தைக் கடந்து லாஹௌல் பள்ளத்தாக்குக்குள் போனால் தண்டி என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வரும். அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று அறிவிக்கும் அதன் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுக்காதவர்கள் குறைவு. பலகையைப் பார்த்ததும் எல்லோரும் கேனில் பெட்ரோல் நிரப்பிக்கொள்கிறார்கள். அதே பலகை டயருக்கும் சேர்த்துத்தான் எச்சரிக்கிறது என்பதை யோசிப்பதில்லை. கேலாங்கை விட்டால் பாரலாச்சா லா, சர்ச்சு, 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸ், பாங், மோரே சமவெளி, 5,300 மீட்டருக்கு மேல் நிற்கும் தங்லாங் லா எல்லாம் தாண்டி உப்ஷி பக்கம் இறங்கும்வரை நம்பிப் போகக்கூடிய பணிமனை கிடையாது. சர்ச்சு, பாங் கூடாரக் கடைகளில் ஒட்டுப் போடத் தெரிந்த யாராவது அன்றைக்கு இருந்தால் உங்கள் யோகம்.

இதுவாவது லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. லேயிலிருந்து தென்கிழக்கே சாங்தாங் பீடபூமிக்குள் போகிறவர்களுக்கு இந்த ஆறுதலும் இல்லை. ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் வானோக்ககம் நடத்துவது பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். நம் வாணியம்பாடிக்குப் பக்கத்துக் காவலூர் வானோக்ககமும் அவர்களுடையதுதான். காவலூர் போன பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்தபின் ஹான்லே வானத்தைப் பார்க்கப் புறப்படுவது எனக்குப் பிடித்த செய்தி. அங்கேயே நிற்காமல் பலர் உம்லிங் லா வரை போகிறார்கள். 19,024 அடியில் எல்லைச் சாலைகள் அமைப்பு போட்ட அந்தச் சாலைக்கு 2021-இல் கின்னஸ் சான்றிதழும் கிடைத்தது. சாலை வந்துவிட்டது. சாலையோரக் கடை வரவில்லை.

கைபேசி இருக்கிறதே என்பீர்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் இருந்தாலும் பல கணவாய்களில் சிக்னல் கிடையாது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைகளில் வண்டி ஓட்டிப் பழகிய நம் வாசகர்கள் சிலர், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியைக் கையோடு கொண்டுவர நினைக்கலாம். வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம், எல்லைப் பகுதியில் கேட்கவே வேண்டாம். ஆக, காற்று இறங்கிய இடத்தில் உங்களுக்கு இருப்பது உங்கள் கையும் பையும்தான்.

அங்கே டயர் எப்படிப் பழுதாகிறது என்று தெரிந்தால் பையில் என்ன வைப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும். நம் ஊரில் எதிரி ஆணி. ஆணி டயரின் தரைப்பட்டையில்தான் ஏறும். ட்யூப்லெஸ் டயராக இருந்தால் அந்த ஓட்டையை ரப்பர் திரி வைத்து யாரும் அடைத்துவிடலாம். மலையில் எதிரி கல். புதிதாக உடைந்த கருங்கல்லின் விளிம்பு கத்தி போலிருக்கும், அது குத்துவது டயரின் பக்கச் சுவரை. அந்தச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் அங்கே வைக்கிற திரி நிற்காது. இன்னொரு வகை, குழியில் வேகமாக விழும்போது வருவது. ரிம்மின் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். ஒன்றுக்கு மட்டும் ஒட்டுப் போட்டுவிட்டு இன்னும் காற்று இறங்குகிறதே என்று திகைப்பவர்கள் அடுத்த ஓட்டையைத் தேடாதவர்கள். அலாய் ரிம்மாக இருந்தால் ரிம்மே விரிசல் விடுவதும் உண்டு. இரும்பு ரிம் வளைந்தால் சுத்தியலால் தட்டி ஓரளவு நிமிர்த்திக்கொள்ளலாம். அழகுக்காக அலாய் மாற்றிக்கொண்டவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு சந்தேகம் எப்போதும் வரும். உயரம் ஏற ஏற டயரில் காற்று கூடுமா, குறையுமா? உள்ளே இருக்கும் காற்று அதேதான். வெளியே அழுத்துகிற காற்று குறைகிறது. அழுத்தமானி காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. மணாலியில் 32 பி.எஸ்.ஐ. வைத்த டயர், வெப்பநிலை மாறாமல் இருந்தால், தங்லாங் லாவில் 36-ஐ ஒட்டிக் காட்டும். ஆனால் வெப்பநிலை மாறாமல் இருப்பதில்லை. 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. இறங்கும். உயரம் ஏற்றிவிடுவதில் ஒரு பகுதியைக் குளிர் இறக்கிவிடும். அதனால் பீதியில் காற்றைத் திறந்துவிட வேண்டியதில்லை. வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்குச் சரிசெய்துகொண்டால் போதும்.

வேண்டுமென்றே குறைப்பது தனிக் கலை. 1920களிலும் 30களிலும் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைக் கடந்த ரால்ஃப் பாக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், டயரில் காற்றை இறக்கி மணலில் ஓட்டும் வித்தையைத் தேர்ந்த வழக்கமாக்கினார். காற்று குறைந்த டயர் தரையில் பரந்து உட்காரும், மணலில் புதையாது. லடாக்கில் நூப்ராவின் மணலிலோ, சாலையை விட்டு இறங்கிய புழுதியிலோ இந்த வித்தை உதவும். கல் சாலையில் அதையே செய்துவிட்டு வேகத்தைக் குறைக்காமல் போனால், முன்பு சொன்ன இரட்டை ஓட்டை நிச்சயம். இறக்கியதைத் திரும்ப ஏற்ற வழி இல்லாதவர் இறக்கவே கூடாது என்பது என் கட்சி.

திரும்ப ஏற்றுவதற்கு 12 வோல்ட்டில் ஓடும் சிறு கம்ப்ரஸர் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. வாங்கியவர்கள் பெட்டியைப் பிரிக்காமலேயே டிக்கியில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அதன் வயர் பின்சக்கரம் வரை எட்டுகிறதா? அதன் மூக்கு உங்கள் வால்வில் உட்காருகிறதா? இதை வீட்டு வாசலில் பார்த்துவிடுங்கள். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றுத்தான் கூடுதல். அந்த மெலிந்த காற்றை இழுத்து நிரப்பக் கம்ப்ரஸருக்கும் கூடுதல் நேரம் ஆகும். சூடானால் நிறுத்தி, ஆறவிட்டு ஓட்டுங்கள். ஃப்யூஸ் போய்விட்டால் கைகொடுக்க ஒரு கால் பம்ப்பும் இருக்கட்டும். இடம் அடைக்கிறது என்று அதை இறக்கிவைக்காதீர்கள்.

காரில் போகிறவர்கள் முதலில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தராமலேயே கார் விற்கலாம் என்று 2020-இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். நகரத்துக்கு அது சரி. பக்கச் சுவர் கிழிந்தால் கிட்டை வைத்து என்ன செய்வது? வேறு பல கார்களில் ஸ்டெப்னி இருக்கும், ஆனால் மற்ற நான்கையும்விடச் சிறிய சக்கரமாக இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். தார்ச்சாலையில் பணிமனை வரை போய்ச்சேருவதற்காகச் செய்தது அது. லாஹௌலில் பாறையும் ஓடையும் கலந்த கிராம்பு–பாத்தல் பாதையில் அதை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஓட்ட முடியாது. மலைக்குப் போகுமுன் முழு அளவுச் சக்கரம் ஒன்றைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள். ஹான்லே, உம்லிங் லா என்று உள்ளே போவதாக இருந்தால், ரிம் இல்லாவிட்டாலும் இன்னொரு டயரைக் கூரையில் கட்டிக்கொள்வது நல்லது. ஒரே நாளில் இரண்டு சக்கரம் போவது அந்தப் பாதைகளில் அதிசயமில்லை.

இருக்கிற ஸ்டெப்னிக்கு வயது என்ன என்பதும் முக்கியம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமலேயே டிக்கியில் கிடந்து ரப்பர் வறண்டு வெடித்துப்போன ஸ்டெப்னிகள் நம் ஊரில் ஏராளம். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி என்றால் அதை இறக்கும் திருகு சேறும் துருவும் பிடித்து இறுகிக் கிடக்கும். அதைச் சுற்றிப் பார்க்க வேண்டிய இடம் உங்கள் தெரு, பாரலாச்சா லா அல்ல.

பிறகு அந்த நட்டுகள். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கி வைத்து முறுக்கிய நட்டை, காரோடு வந்த குட்டி ஸ்பேனரால் அசைக்க முடியாது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்று தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கியை ஏற்ற வேண்டும் என்பது எல்லோரும் கேட்டது. தளரவில்லை என்றால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஸ்பேனரின் பிடியில் மாட்டுகிற மாதிரி இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிடி நீண்டால் பலம் தானாகக் கூடும்; பயில்வான் வேண்டாம், பாட்டியே கழற்றலாம். திருட்டுக்குப் பயந்து பூட்டு நட்டு போட்டவர்கள் அதன் சாவியைக் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கவும். ஜாக்கிக்கு அடியில் போட ஓர் அங்குலக் கனத்தில் பலகைத் துண்டும் வேண்டும், இல்லாவிட்டால் புழுதியில் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள்.

பைக்காரர்களுக்கு வேலை இன்னும் கூடுதல். புல்லட், ஹிமாலயன் என்று லடாக் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை ஸ்போக் சக்கரமும் ட்யூபும்தான். ட்யூப் டயரில் திரி வைக்க முடியாது. சக்கரத்தைக் கழற்றி, டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவித்து, ட்யூபை உருவ வேண்டும். உட்கார்ந்துபோன விளிம்பைப் பெயர்க்க அனுபவஸ்தர்கள் கூட வரும் வண்டியின் சைடு ஸ்டாண்டை டயர்மேல் வைத்து அழுத்துவார்கள். வழியில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்காமல் புது ட்யூபை மாட்டிவிட்டு, பழையதை இரவு தங்குமிடத்தில் நிதானமாக ஒட்டுவதே புத்திசாலித்தனம். குளிரில் ரப்பர் சொல்யூஷன் காய நேரமாகும், காயாத சொல்யூஷனில் ஒட்டு பிடிக்காது. ஏற்கெனவே திறந்த சொல்யூஷன் ட்யூபைக் கொண்டு போகாதீர்கள், அங்கே போய்ப் பார்த்தால் உள்ளே கல்லாகியிருக்கும். பழைய ஹிமாலயனில் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. இரண்டு ட்யூபுக்கு இடமில்லை என்றால் முன்சக்கர ட்யூபை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்திலும் மடித்துத் திணித்து ஊர் போய்ச்சேரலாம்.

புதிதாகச் செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இரண்டு. டயரின் உட்புறத்தைத் துணியால் துழாவிப் பார்க்காமல் புது ட்யூபை வைப்பது ஒன்று. குத்திய முள் அங்கேயே காத்திருக்கும். டயர் லீவரால் நெம்பும்போது புது ட்யூபையே கிள்ளிவிடுவது இன்னொன்று. ட்யூபில் உருவம் வருகிற அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்துவிட்டு உள்ளே வைத்தால் அது லீவருக்கு அடியில் போய் மாட்டாது. வால்வுக்குள் இருக்கும் ஊசியையும் அதைத் திருகும் சாவியையும் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி அளவுள்ள பொருள் அது. புழுதியில் விழுந்தால் கிடைக்காது.

ட்யூப்லெஸ்காரர்களுக்கு ஒன்று. டயரில் ஆணி தெரிகிறது, காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் ஆணியைப் பிடுங்காதீர்கள். காற்றை நிரப்பிக்கொண்டு கடை வரை போங்கள். பிடுங்கினால் மெல்லிய கசிவு பெரிய ஓட்டையாகும். டயருக்குள் ஊற்றும் பசைத் திரவத்தை மட்டும் நம்பிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: முள் குத்தினால் அது காப்பாற்றும், கல் கிழித்தால் காப்பாற்றாது.

இனி, எங்கே நிறுத்துவது? இதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. காற்று இறங்கிய வண்டியை ஓட்டினால் டயர் கந்தலாகும் என்பது உண்மை. ஆனாலும் மேலே இளகிய பாறை தொங்கும் சரிவிலோ, கொண்டை ஊசி வளைவிலோ நின்று சக்கரம் மாற்றக் கூடாது. நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போய், இரண்டு பக்கமும் பார்வை தெரிகிற சமதளத்தில் நிறுத்துங்கள். டயர் போனால் போகட்டும். பிள்ளைகளும் பெரியவர்களும் வண்டியை விட்டு இறங்கித் தள்ளி உட்காரட்டும். வேலை செய்கிறவர் அவசரப்படக் கூடாது. நம் ஊரில் இருபது நிமிட வேலை அங்கே ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொள்ளாமல் ஏறியவர் ஒரு நட்டை முறுக்குவதற்குள் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். விமானத்தில் லேயில் இறங்கியவர்கள் முதல் இரண்டு நாள் அங்கேயே ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

சென்னையிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ வண்டியிலேயே புறப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மலையடிவாரம் சேருவதற்குள்ளேயே உங்கள் டயர் மூவாயிரம் கிலோமீட்டரை நெருங்கியிருக்கும், அதுவும் கோடை வெயிலில் கொதிக்கும் நாற்கரச் சாலையில். புறப்படும்போது பாதி தேய்ந்த டயர் அங்கே இன்னும் கொஞ்சம் தேய்ந்துதான் போய்ச் சேரும். சண்டிகரிலோ மணாலியிலோ ஒரு நாள் நின்று, நான்கையும் கையால் தடவிப் பார்த்து, வேண்டுமானால் மாற்றிக்கொண்டு ஏறுங்கள்.

உதவி வராதா என்றால், வரும். அந்தச் சாலையில் டேங்கர் ஓட்டும் பஞ்சாபி, லடாக்கி ஓட்டுநர்களும் ராணுவ வண்டிகளும் பழுதாகி நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு விசாரிக்காமல் போவது அரிது. ஆனால் அவர்கள் வண்டியில் உங்கள் அளவு ட்யூப் இருக்காது. பொருள் உங்களிடம் இருந்தால் கை கொடுக்க ஆள் கிடைக்கும். அதேபோல் வழியில் யாராவது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் நீங்களும் நிறுத்துங்கள். கிழிந்த ட்யூபையும் டயரையும் சாலையோரம் எறிந்துவிட்டு வராதீர்கள், அந்தக் குளிரில் அவை மக்கப்போவதில்லை. லே வரை சுமந்து வந்து கடையில் போடுங்கள்.

இந்த இதழில் லடாக் பயணத்துக்கான பாதை விவரங்களையும் அனுமதிச் சீட்டு பெறும் முறையையும் உள்ளே விரிவாகக் கொடுத்திருக்கிறோம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். புறப்படுவதற்கு முன் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எடுத்துப்போகும் அதே கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். வண்டி ஓட்டுகிறவர் மட்டும் செய்தால் போதாது. கூட வருகிற மனைவி, மகள், நண்பர் எல்லோரும் ஆளுக்கு ஒரு முறை செய்யட்டும். எந்த நட்டு அசையவில்லை, எந்தக் கருவி பொருந்தவில்லை, எதை மாற்றி வாங்கினீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் வண்டியின் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள், அதே வண்டி வைத்திருக்கும் அடுத்தவருக்குப் பயன்படும். வரும் கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்